ஆற அமர இருந்து ஒரு தேத்தண்ணி

மதிப்புக்குரிய ரீச்சருக்கு வணக்கம்.

நான் உங்களிடம் படித்தவன் இல்லை, என் தங்கச்சி படித்தவள். அந்த உரிமையில் ரீச்சர் என்று எழுதுகிறேன். நல்லூர்ப் பக்கம் உங்கள் ஒழுங்கை முகப்பில் புதிதாகத் திறந்திருக்கும் கபேயில், ஞாயிறு காலை சிநேகிதியோடு போயிருந்து, காலையும் மத்தியானமும் சேர்ந்த ‘பிரஞ்ச்’ சாப்பாடு சாப்பிட்டதைப் பற்றிப் போன கிழமைப் பத்தியில் எழுதியிருந்தீர்கள். பத்து மணிக்குப் போய்ப் பன்னிரண்டரைக்குத்தான் எழும்பினோம், வாழ்க்கையில் ஒரு கடையில் இவ்வளவு ஆறுதலாக இருந்ததில்லை என்று எழுதினீர்கள். பில் 3,450 ரூபா என்றும் ஒளிக்காமல் எழுதினீர்கள்.

அந்தக் காசுக்கு என் வீட்டில் ஐந்து பேர் இரண்டு நாள் சாப்பிடுவோம். அதை விடுவோம், உங்கள் காசு. ஆனால் இதெல்லாம் எங்கட பழக்கமா ரீச்சர்? என் அப்பா 1976இலிருந்து, போரால் ஊரே வெளியேறிய 1995 இடப்பெயர்வு வரைக்கும் சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்தவர். விடியப்புறம் மூன்று மணிக்கு அம்மா எழும்பி உழுந்து அரைத்து வடை சுட்டுக் கொடுப்பா. ஐந்து மணிக்குக் கடை திறக்கும். எல்லாரும் வந்து ஒரே வாங்கில் சமமாக இருந்து குடித்துவிட்டு, பத்து நிமிடத்தில் எழும்பித் தங்கள் வேலைக்குப் போனார்கள். அதுதான் கடை. இப்போது கண்ணாடி பூட்டி, பாட்டுப் போட்டு, வெளிநாட்டிலிருந்து வருகிற ஆக்களுக்கும் வெளிநாட்டுக் காசு வருகிற ஆக்களுக்கும் என்று நடத்துகிறார்கள். இவ்வளவு அழிவையும் தாண்டி வந்தது இதற்காகவா?

கோபிக்க வேண்டாம், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இரண்டரை மணித்தியாலம் அங்கே என்ன செய்தீர்கள்?

க.,
கோண்டாவில்

*

அன்புள்ள தம்பி,

கோபிக்கவில்லை. கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதையே என் அக்காவும் கேட்டார். அவர் ‘பிரஞ்ச்’ என்றதும் பிரான்ஸ் நாட்டுச் சாப்பாடு என்று நினைத்துவிட்டார். பாரிசில் இருக்கிற மகனிடம் ரெலிபோனில், “உங்கட சாப்பாடு இஞ்சையும் வந்திட்டுதாம், சித்தி போய்த் திண்டிட்டு வந்திருக்கிறா” என்று சொல்லி, அவன் சிரித்து, எனக்குக் குரல் செய்தி அனுப்பி, ஒரு கிழமையாக வீட்டில் இதே கதைதான்.

சரி, என்ன செய்தோம்? முதல் அரைமணி நேரம் கதிரையின் நுனியில் இருந்தோம். இரண்டு பேரும், கைப்பையை மடியில் வைத்தபடி, ஆஸ்பத்திரியில் இலக்கம் கூப்பிடக் காத்திருக்கிற மாதிரி. சாப்பாட்டுப் பட்டியலைக் கொண்டுவந்த பிள்ளை, “ஆறுதலாப் பாருங்கோ அம்மா” என்று சொல்லிவிட்டுப் போனாள். பட்டியலைப் பார்த்தபோது உங்களைப்போலவே எனக்கும் கொஞ்சம் ஏறியது. ‘ஹெரிரேஜ் பிளேற்’ என்று ஒன்று, 1,800 ரூபா. என்னவென்று விசாரித்தால் புட்டு, சொதி, சம்பல், ஒரு அவித்த முட்டை. நீற்றுப்பெட்டியில் அவித்து என் அம்மம்மா நாள்தோறும் போட்டதற்கு அப்படி ஒரு பெயர் இருந்தது அவவுக்குத் தெரியாமலே போய்விட்டா. அதை நாங்கள் எடுக்கவில்லை, கோபத்தில். முட்டை அப்பமும் செத்தல்மிளகாய்ச் சம்பலும் எடுத்தோம். பிறகு பட்டர்புரூட் பூசிய பாண். சின்ன வயதில் பட்டர்புரூட்டைச் சீனியும் பாலும் விட்டுப் பிசைந்துதான் தின்றிருக்கிறோம். இங்கே உப்பு, தேசிக்காய்ப் புளி, மிளகு போட்டிருந்தார்கள். முதல் வாய் விநோதமாக இருந்தது, மூன்றாவது வாய்க்கு இரண்டு பேரும் போட்டி. அப்புறம் நுரைக்கோப்பி, ஆளுக்கு ஒன்று. மல்லி போட்டு இடித்த வீட்டுக் கோப்பிக்குப் பழகிய நாக்குக்கு அது கொஞ்சம் வெறுமைதான்.

சாப்பிட்டு முடியப் பத்தே முக்கால். உடனே இரண்டு பேரும் எழும்பிவிட்டோம். பழக்கம். சாப்பிட்டால் எழும்ப வேண்டும், பீங்கானைக் கழுவ வேண்டும், மத்தியானத்துக்கு உலை வைக்க வேண்டும். அந்தப் பிள்ளை ஓடி வந்து, “ஏன் அம்மா எழும்புறியள், இருங்கோ, ஒரு அவசரமும் இல்லை” என்றாள். திரும்ப இருந்தோம். இந்தமுறை கதிரையில் சாய்ந்து இருந்தோம். கைப்பை மேசைக்குப் போனது.

அதற்குப் பிறகு ஒரு இருபது நிமிடம் ஒன்றுமே செய்யவில்லை, தம்பி. வீதியைப் பார்த்தோம். எதிர் மதிலில் ஒரு பழைய தேர்தல் சுவரொட்டி பாதி கழன்று தொங்கியது. ஒரு ஆடு வந்து அதைக் கடைசித் துண்டு வரைக்கும் ஆறுதலாகத் தின்று முடித்தது. அந்தக் கட்சிக்கு எங்கள் ஒழுங்கையில் கிடைத்த முழுமையான ஆதரவு அதுதான். பக்கத்திலிருந்த கண்ணீர் அஞ்சலியை ஆடு தொடவில்லை. ஆட்டுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது என்று சிநேகிதி சொன்னார். பசை காய்ந்திருக்கும் என்று நான் சொன்னேன். இப்படித்தான் போனது.

பிறகு அவர் தன் முழங்காலைப் பற்றிச் சொன்னார். கனடாவில் இருக்கிற மகன் கிழமைக்கு ஒருமுறை எடுக்கிற ரெலிபோனை மாதத்துக்கு ஒன்றாக்கிவிட்டதைச் சொன்னார். பிறகு, நான் எதுவும் கேட்காமலே, 1995 ஒக்டோபர் 30 இரவைப் பற்றிச் சொன்னார். அவரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தை நோக்கி முழு வலிகாமப் பகுதிச் சனமும் நடக்கிறது. நெரிசலில் மாமியாரின் கை விடுபட்டுவிட்டது. “நழுவிப் போட்டுது எண்டுதான் எல்லாருக்கும் சொன்னனான். நழுவேல்லை. பிள்ளையைத் தூக்கிறதுக்கு நான்தான் விட்டனான்.” விடிந்து சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் மாமியாரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மாமியார் அதற்குப் பிறகு பதினான்கு வருடம் இருந்தா, ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லையாம். எங்களுக்கு முப்பத்தைந்து வருடச் சிநேகிதம். அவர் வீட்டுக் குசினியில் நூறுமுறை இருந்து கதைத்திருக்கிறேன். அங்கே எப்போதும் அடுப்பில் ஏதோ கொதிக்கும், படலையில் யாரோ கூப்பிடுவார்கள், ஒருவருக்குத் தேத்தண்ணி போட வேண்டியிருக்கும். அந்தக் கதை வெளியே வர, இரண்டு பேருக்கும் ஒரு வேலையும் இல்லாத ஒரு மேசை தேவைப்பட்டிருக்கிறது.

இரண்டரை மணித்தியாலம் இப்படித்தான் போனது.

நீங்கள் உங்கள் கடிதத்தில் என் சொல்லைத் திரும்பச் சொல்லியிருக்கிறீர்கள்: ஆறுதலாக. இந்தியாவிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு குறிப்பு. அங்கே ஆறுதல் என்றால் செத்தவீட்டில் சொல்வது. எங்களுக்கு அதுவும் உண்டு, அதோடு அவசரமில்லாமல் என்பதும் உண்டு. “ஆறுதலா வாங்கோ” என்றால் மெல்ல வாங்கோ. சூடு தணிவதும் ஆறுவதுதான், துக்கம் தணிவதும் ஆறுவதுதான். உங்கள் அப்பா இரண்டு குவளைகளுக்கு நடுவில் ஒரு முழ நீளத்துக்குத் தேத்தண்ணியை இழுத்து ஆற்றினாரே, அதுவும் அதே சொல்தான். வாடிக்கையாக அந்தச் சொல்லோடு இன்னொன்றைச் சேர்த்துச் சொல்வோம்: ஆற அமர. நான் இந்தப் பதிலில் சொல்லப்போவதெல்லாம் அந்த இரண்டாவது சொல்லைப் பற்றித்தான்.

அதற்கு முன் பழக்கம் என்றதைப் பற்றிக் கொஞ்சம், கெதியாகச் சொல்லிவிடுகிறேன். ‘பிரஞ்ச்’ என்ற பெயர் எங்கட இல்லை. காலைச் சாப்பாட்டுக்கான ஆங்கிலச் சொல்லையும் மத்தியானச் சாப்பாட்டுக்கான சொல்லையும் ஒட்டிச் செய்தது. 1895இல் கை பெரிங்கர் என்கிற இங்கிலாந்து எழுத்தாளர் அதற்காக வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். சனி இரவு குடித்துவிட்டு ஞாயிறு பிந்தி எழும்புகிறவர்களுக்கு வசதி என்பதும் அவர் வாதங்களில் ஒன்று. எங்கள் ஊரில் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு. அதுவும் ஆளை நல்லாகத்தான் விழுத்தும். ஆனால் பத்து மணிச் சாப்பாடு எங்களுக்குப் புதிதா? உங்கள் கோண்டாவிலிலேயே, துலா மிதித்து வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் கட்டிய காலத்தில், வெயில் ஏற முன்னம் இறைத்து முடித்துவிட்டு வந்து பழஞ்சோறோ புட்டோ சாப்பிட்டது எத்தனை மணிக்கு? மேசன் வேலை நடக்கிற வீட்டில் இன்றைக்கும் பத்து மணித் தேத்தண்ணியும் வடையும் கொடுக்காவிட்டால் சுவர் நேராக எழும்பாது. கபே என்ற சொல்லும் நேற்று வந்ததல்ல. பெரியகடைப் பக்கம் மலாயன் கபே எத்தனை தலைமுறையாக வாழையிலையில் போட்டுக்கொண்டிருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் மலாயாவுக்குப் போய் றெயில்வேயிலும் கந்தோரிலும் உழைத்துவிட்டு வந்த எங்கள் ஆட்களின் ஞாபகம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அந்தக் காலத்திலும் வெளிநாட்டுக் காசு இருந்தது, தம்பி. அதற்கும் ஊரில் ஒரு முணுமுணுப்பு இருந்திருக்கும்.

விலையில் உங்களோடு சண்டை பிடிக்க வரமாட்டேன். 3,450 ரூபா அதிகம்தான். 2022இல் காஸ் சிலிண்டருக்கு விடியவிடிய வரிசையில் நின்று, பால்மா இல்லாமல் இருந்த சனத்துக்கு அந்தத் தொகையைப் பெருமையாகச் சொல்ல முடியாது. நான் பெருமைக்கு எழுதவில்லை, ஒளிக்கக் கூடாது என்று எழுதினேன். பில்லைக் கட்டியதும் நான் இல்லை, சிநேகிதி. அவருடைய பென்சன் நிலுவை வந்த கிழமை அது.

இனி உங்கள் அப்பாவின் கடை. அந்த மாதிரிக் கடைகள் என்றால் எனக்கும் உயிர். சாயத்தின் மணம், சீலை வடி, மேசையில் கொண்டுவந்து வைக்கிற வடைத்தட்டு. தட்டில் எட்டு வடை இருந்தால் எட்டையும் தின்ன வேண்டியதில்லை. எழும்பும்போது குறைந்ததை எண்ணிக் காசு. நம்பிக்கையில் நடந்த வியாபாரம். எட்டையும் அமர்த்திப் பார்த்துவிட்டு, மெதுவான ஒன்றை மட்டும் எடுக்கிறவர்களும் இருந்தார்கள், அது வேறு விஷயம். ஈழநாடு பேப்பரை நாலாகப் பிரித்து நாலு பேர் வாசிப்பார்கள். முதல் பக்கத்தை வைத்திருக்கிறவர் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்களானால், வெளியே நின்று பார்த்துத்தான்.

நீங்கள் “எல்லாரும் வந்து ஒரே வாங்கில் சமமாக இருந்து” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘எல்லாரும்’ என்ற இடத்தில் நான் கொஞ்சம் நிற்கிறேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும், 1970 அளவில். வடமராட்சியில் எங்கள் ஊர்ச் சந்தி. அப்பா சைக்கிள் பாரில் என்னை வைத்துச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது தேத்தண்ணிக்கடையில் சைக்கிளைச் சாத்துவார். “நில்லு பிள்ளை, வாறன்.” நான் சைக்கிளுக்குக் காவல். அப்பா உள்ளே போய்க் குடித்துவிட்டு, எனக்கு ஒரு தட்டைவடையைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவருவார். பெண்பிள்ளை கடைக்குள் போவதாவது. அதை ஒருவரும் சொல்லித் தரவில்லை, சொல்லாமலே தெரிந்திருந்தது. அப்படி நான் நிற்கும்போது கடையின் பக்கவாட்டுத் தாழ்வாரத்தில் ஒருவர் வந்து நிற்பார். அப்பாவின் வயது இருக்கும். கம்பில் கவிழ்த்திருக்கும் ஒரு தகரப்பேணியை அவரே எடுத்து நீட்டுவார். உள்ளே இருந்து ஒருவர் வந்து, பேணியில் முட்டாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். குடித்து முடித்து, கழுவி, திரும்பக் கம்பில் கவிழ்த்துவிட்டுப் போவார். அந்த மேசையும் வாங்கும் ஆறடித் தூரத்தில் இருக்கின்றன. ஒருநாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஏன் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “அந்த மாமாவும் என்னை மாதிரி வெளியிலதான் நிக்கிறவர்” என்றேன். மாமா என்று சொல்லக்கூடாது என்று ஒரு அடி விழுந்தது.

1950களில், ஒடுக்கப்பட்ட சாதி மக்களின் அமைப்பான சிறுபான்மைத் தமிழர் மகாசபைக்காரர் தேநீர்க்கடைக்குள் போய் மேசையில் இருப்பதையே ஒரு போராட்டமாகச் செய்தார்கள். தேநீர்க்கடைப் பிரவேசம் என்று பெயர். கோயில் பிரவேசத்துக்கு ஒப்பாக அதைச் சொன்னதிலேயே விளங்கும், ஒரு வாங்கில் இருப்பது எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்று. 1957இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சாதி காரணமாகக் கடையில் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்றது. சட்டம் வந்து பதின்மூன்று வருடத்துக்குப் பிறகுதான் நான் அந்தத் தகரப்பேணியைப் பார்த்தேன். இடையில் 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள் பொலிஸ் அடி வாங்கினார்கள். அடுத்த வருடம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போக வந்தவர்களை வாசலில் மறித்தது ஊரறியும். ஆனால் கோயில் வாசலைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்குத் தேத்தண்ணிக்கடை வாங்கைப் பற்றி எழுதப்படவில்லை என்பது என் குறை. சாமியை மனதிலும் கும்பிடலாம். ஒரு ஆள் வெயிலில் கொத்திவிட்டு வந்து கொஞ்சம் இருக்க நினைப்பதை மனதில் செய்ய முடியாது.

உங்கள் அப்பா 1976இல் கடை திறந்தார் என்கிறீர்கள். எல்லாரும் ஒரே வாங்கில் இருந்தார்கள் என்பதை நான் நம்புகிறேன். அப்படி நடத்தியிருந்தால் அவர் நல்ல மனிதர், அந்தக் காலத்தில் அதற்கும் தைரியம் வேண்டும். ஆனால் அந்த ‘எல்லாரும்’ தானாக வந்து இருக்கவில்லை. அவர் வாங்கைச் செய்ய மரம் வாங்குவதற்கு முன்னமே, அதில் இருப்பதற்காக வேறு சிலர் அடி வாங்கியிருந்தார்கள். இன்னொன்று. அந்த ‘எல்லாரும்’ முழுக்க ஆம்பிளைகள்தானே?

எங்கள் முறை எப்படி வந்தது என்றும் சொல்கிறேன். 1981இல் உயர்தரப் பரீட்சை முடிந்த அன்று நாலு பேர் சேர்ந்து யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு ஐஸ்கிறீம் கடைக்குப் போனோம். வாழ்க்கையில் முதல்முறை. உள்ளே நுழைந்ததும் ஒரு பெடியன் எங்களைப் பார்த்து, “பமிலி றூம் அங்காலை” என்று கை காட்டினான். பலகை அடித்துத் தடுத்த ஒரு அறை, திரைச்சீலை, மின்விசிறி இல்லை. திரையை இழுத்து மூடிவிட்டுப் போனான். ஐஸ்கிறீம் நல்லாக இருந்தது. அதைத் தின்றுகொண்டு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பச்சைப் பூப்போட்ட அந்தத் திரைச்சீலை. பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம், ஏதோ களவெடுத்தவர்கள் மாதிரி. அந்த ஞாயிறு கபேயில் நாங்கள் இருந்தது வீதிப் பக்கத்து யன்னலோடு. நாங்களாகத் தேர்ந்தெடுத்த மேசை. ஆடு தெரிந்தது.

“இவ்வளவு அழிவையும் தாண்டி வந்தது இதற்காகவா?” உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்தது இந்த வரிதான். இரண்டு நாள் யோசித்தேன். இதற்காகவும்தான் என்பதே என் பதில். 1990 யூனில் மின்சாரம் போனதிலிருந்து பிறகு வந்த ஐந்து வருடமும் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். சீனி இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தங்க விலை, பனங்கட்டித் துண்டை உள்ளங்கையில் வைத்து நக்கி நக்கிப் பிளேன்ரீ குடித்தோம். நான் அப்போது சின்ன ரீச்சர். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மா தன் வீட்டு முன் விறாந்தையில் தேத்தண்ணி விற்றா. வீடு என்றபடியால் நாங்கள் போகலாம். இடைவேளைக்கு நாலைந்து ரீச்சர்மார் போய் இருப்போம். குவளையைக் கையில் எடுத்ததும் பொம்பர் சத்தம் கேட்கும். அப்படியே வைத்துவிட்டுப் பங்கருக்குள் ஓடுவோம். திரும்பி வந்து பார்த்தால் தேத்தண்ணி குளிர்ந்து, மேலே மண் படிந்திருக்கும். அந்த அம்மா அதை ஊற்றிவிட்டுப் புதிதாகப் போட்டுத் தரமாட்டா, தேயிலைக்கு எங்கே போவா. அதையே குடிப்போம். எத்தனை வருடம் நாங்கள் குடித்தது அந்த ஆறிப்போன தேத்தண்ணி. ஆறியிருந்து குடித்தது இல்லை. பிறகு 2006 ஓகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை மூடி, ஊரடங்குக்கு முன் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் எல்லாக் கடையும் வெள்ளெனப் பூட்டிய காலமும் வந்தது. என் தலைமுறைக்குக் கடை என்றால் போய், வாங்கி, திரும்பி ஓடுகிற இடம். அதனால்தான் அன்றைக்குச் சாப்பிட்டவுடன் கால் தானாக எழும்பியது.

இப்போது நீங்கள் கேட்கலாம்: அந்தத் தகரப்பேணி போய் 1,800 ரூபாப் பட்டியல் வந்திருக்கிறது, இதுவும் வெளியே நிற்க வைப்பதுதானே என்று. கேட்க வேண்டிய கேள்விதான். விலையும் ஒரு வேலி. ஆனால் எந்த வேலியிலும் எங்கள் சனம் ஒரு பொட்டு, நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, வைத்திருக்கும். அந்தக் கபேயில் எங்களுக்கு அடுத்த மேசையில் கம்பஸ் பிள்ளைகள் நாலு பேர் இருந்தார்கள், இரண்டு பெடியள், இரண்டு பெட்டைகள். மேசையில் ஒரு கோப்பி, நாலு குழாய். நாங்கள் போக முன்னமே வந்திருந்தார்கள், நாங்கள் எழும்பும்போதும் இருந்தார்கள். ஒருவரும் அவர்களை எழுப்பவில்லை. கடையை நடத்துகிற பிள்ளையிடம், இப்படி இருந்தால் உனக்குக் கட்டுமா என்று கேட்டேன். “கட்டாது அம்மா” என்றாள். “வெறுங்கடையா இருந்தா வீதியால போறவை உள்ளுக்கு வரமாட்டினம். அவை இருக்கிறதைப் பார்த்துத்தான் மற்றவை வருகினம். அதுக்கு அந்த ஒரு கோப்பி போதும்.” அவளும் கம்பஸ் முடித்தவள்தான். இரண்டு வருடம் அரசாங்க வேலைக்குக் காத்திருந்துவிட்டுத் தாயின் காப்பை அடைவு வைத்துத் தொடங்கியிருக்கிறாள். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டு ஆட்கள் வருகிறபோது உழைப்பதை வைத்துத்தான் மிச்ச மாதங்களைக் கொண்டுபோக வேண்டும். ஆக, வெளிநாட்டுக் காசு என்று நீங்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அந்த நாலு பேரின் கதிரைக்கு அந்தக் காசுதான் வாடகை கட்டுகிறது.

குறையும் சொன்னேன், சும்மா புகழ்ந்துவிட்டு வரவில்லை. பாட்டைக் குறைக்கச் சொன்னேன், இரண்டு கிழவிகள் கத்திக் கதைக்க வேண்டியிருக்கிறது என்று. ‘ஹெரிரேஜ் பிளேற்’றைப் புட்டு என்று எழுதச் சொன்னேன். அப்படி எழுதினால் 1,800க்கு விற்க முடியாது அம்மா என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்றாம் தரம் வாசித்தபோதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். அப்பாவின் கடையைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரி. விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி உழுந்து அரைத்து வடை சுட்டது. 1976இலிருந்து 1995 வரை, பத்தொன்பது வருடம். ஒரு நாளைக்கு நூறு வடை என்று வைத்தாலும் கணக்கை நீங்களே பாருங்கள். ஊரில் அவ்வளவு பேர் ஆற அமர இருந்ததற்கு அடியில் அந்த அடுப்பு எரிந்திருக்கிறது. நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன், இதுவும் தெரிந்துகொள்ளத்தான்: அம்மா ஒரு நாளாவது அந்தக் கடையில் போயிருந்து, தான் சுட்ட வடையைத் தட்டில் வாங்கி, ஒரு தேத்தண்ணி குடித்தாவா?

அம்மா இருக்கிறாவா, நடக்க ஏலுமா என்று நீங்கள் எழுதவில்லை. இருக்கிறா என்றால் வருகிற ஞாயிறு கூட்டிக்கொண்டு வாருங்கள். பத்து மணிக்கு வந்தால் போதும். யன்னல் பக்கத்து மேசையை நான் சொல்லி வைக்கிறேன், படி ஒன்றுதான், ஏறலாம். முட்டை அப்பம் எடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். பிளேன்ரீயும் இருக்கிறது, 150 ரூபா. சந்தியில் 50 ரூபாவுக்குக் கிடைப்பது. பகல் கொள்ளைதான், பேசாமல் குடியுங்கள். வடையும் போடுகிறார்கள், ஆனால் நல்லா இல்லை. அதை அம்மாவே அந்தப் பிள்ளைக்குச் சொல்லட்டும்.

அன்புடன்,
ரீச்சர்